கைமாற்றாக வந்த பதினெட்டுப் பேர்

புதுச் சபை நாட்டுகிறவர்கள் கடல் கடந்த சபைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். மொத்தம் பதினொரு பக்கம். முதல் பத்துப் பக்கத்தில் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கும். கர்த்தர் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வோம் என்பது பதினொன்றாம் பக்கத்தில் இருக்கும்.

லிஃப்ட் பாஸ்டர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கம், மூன்றாம் வருட முடிவில் சபையில் நாற்பது பெரியவர்கள் இருக்க வேண்டும் என்றது. குறைந்தால் அவர்கள் மாதாமாதம் அனுப்பும் ஆதரவுப் பணம் வேறொரு ஊழியருக்குப் போய்விடும். டயர் கடை மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

வருகிறவர்கள் இருபத்து மூன்று பேர்.

பாஸ்டர் பதினான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டபோதுதான் தனக்கு ஊழிய அழைப்பு வந்தது என்று சாட்சி சொல்வார். "நாப்பது நிமிஷம்" என்று முன்வரிசையிலிருந்து அவர் மனைவி திருத்துவார். பாஸ்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். எண் விஷயத்தில் புருஷனுக்குக்கூடச் சலுகை கிடையாது.

மூன்றாம் வருடம் முடிகிற நேரத்தில், ஆதரவு தரும் அந்தச் சபையிலிருந்து குறுகிய கால ஊழியக் குழு ஒன்று பத்து நாள் பயணமாக வந்திறங்கியது. ஒன்பது பேர். எல்லோரும் எப்போதோ இங்கிருந்து போனவர்கள், அல்லது போனவர்களின் பிள்ளைகள். பத்து நாளில் ஏழு சபை பார்ப்பதாகத் திட்டம். ஏழாவது நம் டயர் கடை மாடி, ஞாயிற்றுக்கிழமை. ஆள் எண்ணி ஒரு படிவம் நிரப்புவதும் அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை மாலை, இரு பக்கச் சபைகளுக்கும் நடுவே நிற்கும் ஒருங்கிணைப்பாளர் வந்தார். அவருடைய முழுப் பதவி 'பிராந்தியப் பங்காளித்துவ மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர்'. கழுத்தில் தொங்கும் அட்டையில் அது அடங்காததால் எழுத்தைச் சின்னதாக்கியிருந்தார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் அவர் நெஞ்சுக்கு அருகே குனிய வேண்டும். மரியாதை செலுத்துவதுபோல் இருக்கும். அவர் அதை விரும்பினார் என்றே நினைக்கிறேன்.

"எத்தனை பாஸ்டர்?"

"இருபத்தி மூணு."

"போன தடவையும் அதேதானே சொன்னீங்க?"

"நடுவுல ரெண்டு பேர் வேலை மாறிப் போயிட்டாங்க. ரெண்டு பேர் புதுசா வந்தாங்க."

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்க பிரதர். பாலத்துப் பக்கம் இருக்கற சபைல நூத்தி அம்பது பேர். அதுல ஒரு பதினெட்டு பேர ஞாயித்துக்கிழமை வேன்ல அனுப்பச் சொல்றேன். சாயங்காலம் திரும்பப் போயிடுவாங்க."

"அது பொய் இல்லையா பிரதர்?"

"ஐக்கியம். ஒரு சபை இன்னொரு சபைக்குக் கை கொடுக்கறது."

"அந்தச் சபைக்கு இவங்க புதன்கிழமையே போய்ட்டு வந்துட்டாங்களே. அடையாளம் தெரிஞ்சுடாதா?"

"ஏழு சபை, ஏழு மாலை, ஏழு குரூப் போட்டோ. எந்த மூஞ்சி எந்த ஊருன்னு அவங்க போனுக்கே தெரியாது."

அன்றைக்குச் சமையலறையில் பாஸ்டர் விஷயத்தைச் சொன்னபோது பாஸ்டரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"எங்க லேப்ல ஒருத்தருக்கு ரத்தம் பத்தலைன்னு வெச்சுக்குங்க. பக்கத்து டியூப்ல இருந்து கொஞ்சம் ஊத்தி ரிப்போர்ட் குடுத்தா என்னை என்ன பண்ணுவாங்க?"

"ரத்தம் வேற, சபை வேறம்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்னு போன வாரம் முக்கால் மணி நேரம் பேசினீங்க."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? ரூமை விட்டுட்டா நம்ம வார்டு அக்கா எங்க போவாங்க? அவங்க நைட் ஷிஃப்ட் முடியறதே காலைல பத்து மணிக்கு. மத்த சபைல எல்லாம் அதுக்குள்ள ஆசீர்வாதமே சொல்லி முடிச்சுடுவாங்க."

பாஸ்டரம்மா பாத்திரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழாயைத் தேவைக்கு அதிகமாகவே திறந்துவிட்டார். அது சம்மதம் அல்ல என்று பாஸ்டருக்குத் தெரியும். தடையும் அல்ல என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமான ஆண்கள் எல்லோரும் வசதிப்படி செய்துகொள்ளும் மொழிபெயர்ப்புதான் இது.

வார்டு அக்காவைச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கத் தரை துடைப்பவர். சபையின் முதல் ஆள் அவர்தான். பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் மூன்றாவதாக அவரும் மட்டும் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆராதனை நடந்திருக்கிறது. பத்து மணிக்கு வேலை முடிந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் பத்தரைக்கு வந்து சேர்வார். வாசலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவர் வரும்வரை அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே வேன் வந்துவிட்டது. பதினெட்டுப் பேரும் அனுபவசாலிகள். எந்த இடத்தில் கண்ணை மூட வேண்டும், எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அம்மா படியேறும்போதே கேட்டார். "இங்க டீ முன்னாடியா, பின்னாடியா?"

அவர்களில் மூத்தவர் முழங்கால் மாமா. வருகிற குழுக்களிடமெல்லாம் முழங்காலுக்கு ஜெபம் வாங்கிக்கொள்வது அவருக்கு வழக்கம். ஒவ்வொரு குழுவும் கொடுத்த பனியன் என்று வீட்டில் ஐந்து வைத்திருந்தார். அந்த இரும்புப் படியில் நொண்டி நொண்டி ஏறிவந்தவர், மேலே வந்ததும் கண்ணில் பட்ட முதல் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே.

பத்து மணிக்குக் குழு வந்தது, ஒன்பது மஞ்சள் பனியன்களாக. தலைவர் எழுபது வயதுக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவிலிருந்த பிள்ளைகளே அவரை டிக்கெட் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். மாலை போட வந்தவர்களிடம் "கழுத்து அரிக்கும்மா, கைல குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார். சபையின் சொந்த ஆட்கள் மூலைகளில் ஒடுங்கியிருந்தார்கள். முதல் வருடத்திலிருந்து வரும் தையல்காரரும் அவர் மனைவியும் வந்தவர்களுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டவர்களைப்போல் பின்னால் நின்றார்கள்.

குழுவின் இளைஞர்கள் பேச்சில்லாத நாடகம் ஒன்று போட்டார்கள். பாவச் சங்கிலி அறுபடும் கட்டத்தில் கீழே டயர் கடைக்காரர் காற்றுக் குழாயைத் திறந்துவிட, 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

அதற்குள் ஒருங்கிணைப்பாளர் கையிலிருந்த எண்ணும் கருவியை டிக் டிக்கென்று அழுத்தியபடி ஒரு சுற்று வந்துவிட்டார். பாஸ்டரின் காதருகே குனிந்தார்.

"நாப்பது. கரெக்டா நாப்பது! கர்த்தர் எவ்வளவு துல்லியம் பாத்தீங்களா?"

பாஸ்டர் தலையாட்டினார். பாதி ஆட்டத்தில் தலை நின்றது. இருபத்து மூன்றும் பதினெட்டும் நாற்பத்தொன்று. அவர் திரும்பிப் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே முழங்கால் மாமா சொக்கி உட்கார்ந்திருந்தார். மணி பத்தே முக்கால்.

அந்த நேரத்தில் அவருக்கு எந்தப் பிரசங்கமும் நினைவுக்கு வரவில்லை. எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

"பாஸ்டர், எங்க போறீங்க? அடுத்தது உங்க சாட்சி!"

"ஒரு நிமிஷம் பிரதர்."

"ஆள் குறையுது பாஸ்டர்!" என்றார் ஒருங்கிணைப்பாளர், கருவியைப் பார்த்தபடி.

கீழே, அடுக்கிவைத்த டயர்கள்மேல் வார்டு அக்கா உட்கார்ந்திருந்தார். நீல உடுப்பு, மடியில் சாப்பாட்டுப் பை. கையில் டயர் கடைக்காரர் கொடுத்த டீ.

"என்னக்கா, இங்க உக்காந்துட்டீங்க?"

"மேல வந்து எட்டிப் பாத்தேன் பாஸ்டர். எல்லாரும் பளிச்சுனு இருக்காங்க. கேமரா வேற. என் சேர்ல யாரோ ஒரு ஐயா. சரி, பெரிய விசேஷம் போல, நம்ம பினாயில் நாத்தத்தோட எதுக்குன்னு இறங்கிட்டேன். நீங்க போங்க. நான் அடுத்த வாரம் வரேன்."

"விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன அவங்கல்லாம் யாரு? நம்ம சபையில சேந்துட்டாங்களா?" அக்காவின் முகம் திடீரென்று மலர்ந்தது. "நாப்பது பேர் வேணும்னு சொன்னீங்கல்ல? எங்க வார்டுல நாப்பது கட்டில், பாஸ்டர். நைட்டு துடைக்கும்போது கட்டிலுக்கு ஒரு ஆளுன்னு கேட்டுட்டே துடைப்பேன். மூணு மாசமா. குடுத்துட்டாரா?"

பாஸ்டர் வாயைத் திறந்தார். லிஃப்ட் வேலையில் ஒன்று உண்டு. கயிறு நைந்திருந்தால் நைந்திருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பெட்டி பளபளப்பாக இருக்கிறதே என்று யோசிக்கக் கூடாது. பதினான்கு வருடம் அதைச் சொல்லிப் பழகியவர் அவர். பின்னால் இரும்புப் படியில் யாரோ இறங்கி வந்து நிற்பது தெரிந்தது. ஓரக்கண்ணில் மஞ்சள் பனியன் பட்டது.

"இல்லக்கா" என்றார். "கைமாத்தா வாங்கினது. சாயங்காலம் வேன்ல திருப்பி அனுப்பணும்."

அக்கா டீயை ஒரு வாய் குடித்தார். "அதானே" என்றார் பிறகு. "நம்மாளுங்கன்னா நான் வந்ததும் நகந்து வழி விடுவாங்களே. ஒருத்தர்கூட நகரல."

"மன்னிச்சுடுங்கக்கா."

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? பின்னாடி நிக்கறாரே, அவரைக் கேளுங்க."

டிக்கெட் ஐயா கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். "அந்தச் சேர்ல இருக்கறவரு எனக்குப் பழக்கம்மா. புதன்கிழமை பாலத்துச் சபைல அவர் முழங்காலுக்குத்தான் ஜெபம் பண்ணினோம். சுகமாயிடுச்சுன்னு மேடையில குறுக்க நெடுக்க நடந்து காட்டினாரு. நாலே நாள்ல திரும்ப நொண்டறாரு." அவர் பாஸ்டரைப் பார்த்தார். "முப்பத்தி நாலு வருஷம் டிக்கெட் பாத்தவன் நான். டிக்கெட்ட அப்புறம்தான் பாப்போம். முதல்ல மூஞ்சி."

"தெரிஞ்சும் ஏன் ஐயா பேசாம இருந்தீங்க?"

"எங்க சபைல எத்தனை பேருன்னு நினைக்கறீங்க?"

"அறுநூறுன்னு உங்க வெப்சைட்ல..."

"அது சேரோட கணக்கு. ஆளு முப்பத்தி ஒண்ணு. அதுல ஒம்பது பேர் இப்ப உங்க மாடில இருக்கோம்."

டயர் கடைக்காரர் காற்றுக் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தார்.

"அப்ப நாப்பதுன்னு யாரு ஐயா எழுதினது?"

"ஒரு கருத்தரங்குல யாரோ சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துது. எழுதிட்டோம். நாங்களே அதுல பாஸாக மாட்டோம்னு அப்ப யாருக்கும் தோணல."

"ஒம்பது பேர் இங்க வந்துட்டா, இன்னைக்கு அங்க யாரு பாடுவாங்க?" என்றார் வார்டு அக்கா. அவருக்கு அதுதான் கவலை.

"டேப்பு போடுவாங்கம்மா" என்றார் டிக்கெட் ஐயா, சற்று வெட்கத்தோடு.

மூவரும் மேலே போனார்கள். முழங்கால் மாமாவிடம் பாஸ்டர் "மாமா, இது இவங்க இடம்" என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து தையல்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பாஸ்டர் முன்னால் போய், கீழே சொன்னதையே மேலேயும் சொன்னார். நாலு வாக்கியம். லிஃப்ட் கதை அன்றைக்கு இல்லை. ஒருங்கிணைப்பாளர் தன் கழுத்து அட்டையைப் பிடித்து எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பிக்கொண்டார். அந்த அட்டை செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

படிவத்தை டிக்கெட் ஐயா பாஸ்டரம்மாவிடம் நீட்டினார். "நீங்க லேப்ல வேலை பாக்கறவங்களாமே. நீங்களே எழுதுங்கம்மா."

பாஸ்டரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். இருபத்து மூன்று என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். அப்புறம்தான் புருஷனைப் பார்த்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

வேன் சாயங்காலம்தான் என்பதால் பதினெட்டுப் பேரும் இருந்தார்கள். டீ பின்னாடிதான்.

ஆதரவு தொடருமா என்ற முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் பாஸ்டர் வாரத்துக்கு மூன்று நாள் லிஃப்ட் வேலைக்குப் போனார். உடம்புக்கும் பிரசங்கத்துக்கும் நல்லது என்று பாஸ்டரம்மா அபிப்பிராயப்பட்டார். பிரசங்கம் இருபது நிமிடத்துக்குச் சுருங்கியிருந்தது. முழங்கால் மாமா அடுத்த ஞாயிறே பஸ் பிடித்துத் தானாக வந்தார். ஜெபம் கேட்டார். பாஸ்டரம்மா ஜெபம் செய்துவிட்டுக் கையோடு ரத்தமும் எடுத்தார். யூரிக் அமிலம் ஏறிக் கிடந்தது. மாத்திரையில் கால் தேறியது. இப்போது அவர் சாட்சியில் மாத்திரையின் பெயரும் வருகிறது. ஆக இருபத்து நான்கு.

கடிதத்தைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தார்கள். அந்த முப்பத்தொரு பேரும் கூடிப் பேசி, பதினொன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டார்களாம். ஆதரவு தொடரும். அடுத்த வருடம் குழு வராது. அதற்குப் பதில் இங்கிருந்து நாலு பேர் அங்கே வந்து இரண்டு வாரம் கூட இருந்து, வீடு வீடாகப் போய், பாட வேண்டும். நாலு பேரில், யார் பாடுவார்கள் என்று கேட்ட அந்த அம்மா ஒருவராக இருந்தால் நல்லது என்று டிக்கெட் ஐயா தன் கையால் கீழே எழுதியிருந்தார். இதையே ஒருங்கிணைப்பாளர் தம் செய்தி மடலில் 'எதிர்த்திசைப் பங்காளித்துவம்: ஒரு முன்னோடி மாதிரி' என்ற தலைப்பில் தம்முடைய யோசனையாக வெளியிட்டார். கூடவே ஒரு படம். அதில் நாற்பது பேர் இருந்தார்கள்.

வார்டு அக்கா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். லீவு கிடைக்குமா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பினார்.

"மாமா, நான் போற ரெண்டு வாரமும் நீங்க இதுல உக்காருங்க. காலியா இருந்தா பாஸ்டர் கீழ இறங்கி வந்துடுவாரு."

"சரிம்மா."

"ஆனா கைமாத்துதான். வந்ததும் திருப்பிக் குடுத்துடணும்."