எல்லைக்கல் இருந்த இடம்

பலகையில் மேலப்பட்டி என்று எழுதியிருந்தாலும் ஸ்டேஷன் பாதிக்கு மேல் நின்றது கீழப்பட்டி நிலத்தில்தான். தண்டவாளம் போட வந்தவர்கள் இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த எல்லைக்கல்லைப் பெயர்த்துப் போட்டார்கள். அது எந்தச் சரளைக்கு அடியில் புதைந்ததோ, யாருக்கும் தெரியாது. முதலில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. காய்கறிக் கூடை, செல்லூருக்குப் போகும் நூல் மூட்டை, மதுரைக்குக் கூலிக்குப் போகும் கூட்டம் என்று ஸ்டேஷன் தினமும் திருவிழாவாக இருந்தது. ஜெர்மன் சண்டை வந்து வண்டிகளைக் குறைத்த பிறகுதான் ஜனங்கள் படியிலும் கூரையிலும் தொங்கினார்கள். தொங்கியவர்கள் விழுந்தார்கள்.

விழுந்த பிணம் எந்த ஊர் எல்லையில் கிடக்கிறதோ, அந்த ஊருக்குப் போலீஸ் வரும். தள்ளிவிட்டுத் திருடினீர்களா என்று, குற்றப் பரம்பரை என்று கைரேகை வாங்கும் ரேகைச் சட்டத்தில் பெயர் பதிந்த இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போகும். ஆகவே இரண்டு ஊர்த் தலையாரிகளும் தங்களுக்குள் முறை பேசி வைத்திருந்தார்கள். ஒரு பிணம் மேலப்பட்டிக்கு, அடுத்தது கீழப்பட்டிக்கு. எல்லைக்கல் இல்லாததால் எந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் செல்லும்.

அன்று பொழுது சாய, திண்டுக்கல் வண்டி போன பிறகு, தண்டவாளத்துக்கு மேலப்பட்டிப் பக்கம் கைகாட்டி மரத்தடியில் ஒருவன் குப்புறக் கிடந்தான். அசைவில்லை. மேலப்பட்டித் தலையாரி நல்லகாமன் கிட்டே போகாமல் தள்ளியே நின்றான். தொட்டவனைத்தான் போலீஸ் முதலில் கேட்கும். அவன் மகன் பால்பாண்டி முந்தின பிணத்துக்காகப் போலீஸ் கொட்டடியில் உள்ளே இருந்துவிட்டு முந்தாநாள்தான் வந்திருந்தான். அடிபட்டுப் பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. இன்னொரு தடவை போனால் நடந்து திரும்ப மாட்டான்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கீழப்பட்டித் தலையாரி முத்திருளன் வந்து குந்தினான்.

“என்ன மாப்ள, விருந்தாளி வந்தாச்சா?”

“வந்தாச்சு. ஒங்க முறை. கூட்டிட்டுப் போ.”

“எங்க முறையா? ஒம் மவன் உள்ள இருக்கையில ஒரு பரதேசி விழுந்தானே. அவன் எங்க முறையில கழிஞ்சுட்டான்.”

“அதுக்குப் போலீசே வரலையே மச்சான். போலீஸ் வராதது கணக்குல சேராது.”

“அவன் அழுகின அம்புட்டு நாத்தத்தையும் மோந்தது நாங்க. சேராதாம்ல.”

“ஒங்களுக்கு மூக்குதான போச்சு. என் மவனுக்குக் காலு.”

முத்திருளன் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினான். அவனுக்கும் வீட்டில் ரேகை பதிந்த மருமகன்கள் இருந்தார்கள். அந்த நேரம் மதுரை வண்டி வந்து நின்றது. தேன்கூடு மாதிரி ஆட்களை அப்பிக்கொண்டு கிளம்பியது. இருவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

“சரி, ஒன்னோட மல்லுக்கட்ட முடியாது. எங்க முறையாவே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு கை பிடி, இந்தப் பக்கம் போட்டுருவோம்,” என்று முத்திருளன் எழுந்தான்.

நல்லகாமன் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தான். அது சுட்டது. கிடந்தவனின் விரல்கள் மெல்ல மடங்கி அவன் கையைத் திரும்பப் பிடித்தன.

“மச்சான். உசுரு இருக்கு.”

உயிருள்ளவனுக்கு முறை கிடையாது. அவன் எந்த ஊருக்கும் பாரமில்லை. ஸ்டேஷனில் சேர்த்தால் மதுரை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வண்டியின் புகை மதுரை வழியில் விளாங்குடிப் பக்கம் இன்னும் கலையாமல் நின்றது.

நல்லகாமன் தன் துண்டால், ரத்தம் கொட்டிய அவன் தொடையை இறுக்கிக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். முத்திருளன் பின்னால் ஓடினான். பிளாட்பாரத்தில் இறக்கும்போது அந்தக் கையின் பிடி விட்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். “கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா அந்த வண்டியிலயே ஏத்தியிருப்பேனேப்பா,” என்றார். பிறகு போலீசுக்குத் தந்தி அடிக்க உள்ளே போனார்.

“எங்க முறைன்னு ஒத்துக்கிட்டேன்ல மாப்ள. நீ போயிரு,” என்றான் முத்திருளன்.

நல்லகாமன் தன் உடம்பைப் பார்த்தான். தோளிலிருந்து இடுப்பு வரை ரத்தம். பிணத்தின் காலில் கட்டியிருந்த துண்டும் அவனுடையது.

“எங்கிட்டு மச்சான் போறது?”

அப்போது கேட்டைத் தாண்டி பால்பாண்டி கஞ்சிச் சட்டியோடு, பாதத்தைப் பார்த்துப் பார்த்து ஊன்றி வந்தான். கீழே கிடந்தவனைப் பார்த்தான். அப்பன் மேலிருந்த ரத்தத்தைப் பார்த்தான். சட்டியை அப்பன் பக்கத்தில் வைத்து, ஈ மொய்க்காமல் தன் துண்டை மடித்து மூடினான். பிறகு சுவரோரம் போய், உள்ளே போலீஸ் பழக்கியிருந்தபடி, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு குத்தவைத்தான்.