நாற்பத்திரண்டாம் மேசை

"இது யாரோட இடம்?"

சந்தை தீப்பிடித்த மறுவாரம் மொழிபெயர்ப்பாளன் ரித்தி இப்படிக் கேட்டபோது, நிமோல் கொஞ்சமும் யோசிக்காமல் மாலிஸ் அக்காவின் பெயரைச் சொன்னாள். கரியாகிக் கிடந்த அந்த மேசையில் காலை ஒன்பது மணிவரை மாலிஸ் மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை விற்பாள். பிறகு பலகையைக் கழுவிவிட்டு இறங்கிக்கொள்வாள். தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழத்தோடு நிமோல் ஏறி உட்காருவாள். பதினேழு வருஷமாக இப்படித்தான். மூத்தவள் இருக்கும்போது என்னுடையது என்று சொல்ல வாய் வருமா? அன்று மாலை அதே கேள்வியை மாலிஸிடமும் கேட்டிருக்கிறார்கள். அவளும் சின்னவளை விட்டுக்கொடுக்காமல், "நிமோலோடது" என்று சொல்லிவிட்டாள்.

சந்தையைக் கட்டித்தர வந்த வெளிநாட்டுக்காரர்களின் பட்டியலில், நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே 'உரிமையாளர் இல்லை' என்று ஏறிவிட்டது.

திருத்தம் சொல்ல இன்றுதான் கடைசி நாள். புத்த விகாரை வளாகத்தில் போட்டிருந்த தார்ப்பாய்ப் பந்தலுக்கு இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள்.

"ரெண்டு பேர் பேரையும் போடு தம்பி," என்றாள் மாலிஸ்.

"கட்டம் ஒண்ணுதான் இருக்கு, அக்கா."

"மேசையும் ஒண்ணுதான் இருந்துச்சு. நாங்க சமாளிக்கலையா? எழுத்தை ஒல்லியா எழுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டியலை வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணும் ஒன்றும் புரியாமலே சிரித்தாள்.

"யாரும் சொல்லலேன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்," என்றான் ரித்தி.

நிமோல் மாலிஸைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா? காகிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன, காலையில் அக்கா, அப்புறம் நான் என்று நினைத்துக்கொண்டு, "என் பேரைப் போடு," என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

ரித்தி மாலிஸைப் பார்த்தான். "சரிதானா, அக்கா?"

"அவளோடதுதான். அன்னிக்கே சொன்னேனே."

நிமோல் கட்டைவிரல் ரேகை வைத்தாள். அதற்கப்புறம்தான் ரித்தி கீழே இருந்த விதியை வாசித்தான்.

"பேர் இருக்கிறவங்க மட்டும்தான் உக்காரணும். வேற யாரையாவது உக்கார வச்சா மேசையைத் திருப்பி எடுத்துக்குவாங்க."

"காலையிலயுமா?" என்றாள் நிமோல்.

"காலையில என்ன, சாயங்காலம் என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

"அப்போ அதை அழிச்சிடு தம்பி. அக்கா பேரைப் போடு."

"ரேகை வச்சாச்சே."

அவன் வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொன்னான். அவள் எழுந்து வந்து நிமோலின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முடியாது என்கிறாளா, வாழ்த்துகிறாளா என்று நிமோலுக்கு விளங்கவில்லை.

"அக்கா," என்று திரும்பினாள். "நீ அன்னிக்கு என் பேரைச் சொன்னது மரியாதைக்கா, நெசமாவா?"

மாலிஸ் தோளில் கிடந்த கட்டம்போட்ட துண்டை எடுத்து உதறித் தலையில் சுற்றிக்கொண்டாள். பந்தலோரச் செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி மாட்டினாள். அடுத்த எண்ணுக்காக முண்டியடித்தவர்களை விலக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போனாள்.