மூன்றாவது வரிசையின் சுவிட்ச்

ஷு யூவென் மண்டியிட்டு, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் நூற்றுப் பதினாறாவது பேட்டரியின் முனைகளில் அழுத்தினாள். வந்த எண்ணை உரக்கச் சொன்னாள். பின்னால் நின்ற சியூ மிங்தாங் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆறு வரிசைகள், வரிசைக்கு நாற்பது பேட்டரிகள். மேலே ஐந்து மாடி சர்வர்களுக்கும் கரண்ட் போனால் உயிர் கொடுப்பவை இவைதாம். அறையின் ஏ.சி. இரண்டு வாரமாக ஓடவில்லை. ரேக்குகளின் மேல், யந்திரங்கள் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டி யாரோ வைத்த பச்சைத் தின்பண்டப் பொட்டலங்கள் வெக்கையில் உப்பியிருந்தன.

அழுகிய முட்டை வாடை அடித்தது.

"அண்ணே, மத்தியானம் டப்பாவுல எத்தனை முட்டை?"

"ஒண்ணுதான். என்மேல பழி போடாதே" என்றார் சியூ.

யூவென் சிரிக்கவில்லை. நூற்றுப் பதினேழாவது பேட்டரியின் பக்கம் வயிறு போலப் புடைத்திருந்தது. வெப்பமானியை அதன்மேல் காட்டினாள். ஐம்பத்தெட்டு டிகிரி.

சுவரிலிருந்த போனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். "மூணாவது வரிசையைத் தனியாத் துண்டிக்கணும். பேட்டரி ஒண்ணு கொதிக்குது."

"சுவிட்சைத் தொடாதீங்க. ஒப்பந்தக்காரங்க தொடக் கூடாது. அனுமதி கேட்டுச் சொல்றேன்."

"மத்த அஞ்சு வரிசை இருக்கே, தாங்கும்."

"இருங்கன்னு சொல்றேன்ல."

அடுத்து அவளை இங்கே அனுப்பிய ஒப்பந்தக் கம்பெனியின் மேனேஜர் லியெனைக் கூப்பிட்டாள். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "மேல சர்வர் கம்பெனியோட வெளிநாட்டுக் கஸ்டமருங்க வந்திருக்காங்க. இப்ப அலாரம் அடிச்சா என் கதை முடிஞ்சுது. அவங்க கிளம்புற வரைக்கும் பொறு."

அறுபத்தொன்று. அறுபத்தைந்து. பேட்டரியின் மூலையில் கீறல் விட்டு நுரை கசிந்தது. யூவெனின் கண்கள் எரிந்தன. மறுபடியும் போன் செய்தாள். மறுபடியும் இருக்கச் சொன்னார்கள்.

சியூ கதவருகே போய் நின்றுகொண்டார். "வா, வெளிய போயிடலாம். இது என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?"

"மேல அறுபது பேர் இருக்காங்கண்ணே. கூட்டுறவங்களே எட்டுப் பேர்."

"கைய வெச்சே, உன் அட்டையைப் பிடுங்கிடுவாங்க."

அவளுக்கும் தெரியும். நுழைவு அட்டை போனால் இந்த சர்வர் கம்பெனியின் எந்தக் கட்டடத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. லியெனுக்கு இவர்களை விட்டால் வேறு கஸ்டமரும் கிடையாது. பதினோரு வருஷ வேலை. அறுபத்தொன்பது என்று காட்டியது வெப்பமானி. யூவென் தடித்த கையுறையை மாட்டி, மூன்றாவது வரிசையின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

தூரத்தில் அலாரம் ஒலித்தது. சர்வர் ஒன்றுகூட நிற்கவில்லை. வெகுநேரம் கழித்து எண் அறுபத்தெட்டுக்கு இறங்கியது. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து லியென் வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"யாரைக் கேட்டு இழுத்தே?"

"பதிமூணு நிமிஷம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"அலாரம் அடிச்சப்ப அந்தக் கஸ்டமருங்க எல்லாரும் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு முன்னாலதான் நின்னாங்க, தெரியுமா?"

"அது வெடிச்சுத் தீப்பிடிச்சிருக்கும், மேனேஜர்."

"பிடிச்சிருந்தா நீ செஞ்சது சரின்னு காட்டலாம். பிடிக்கலையே! நான் என்னத்தைக் காட்ட?"

யூவென் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நோட்டுல எல்லாம் இருக்கே."

சியூ தன் பூட்ஸையே பார்த்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம். "நான்... எழுதிக்கிட்டிருந்தேன். சரியாக் கவனிக்கலை" என்றார். லியென் கையை நீட்டினார். சியூ நோட்டைக் கொடுத்துவிட்டார்.

வாசலில் காவலாளி அவள் அட்டையை வாங்கிக் கத்தரியால் இரண்டாக வெட்டினான். பையையும் ஹெல்மெட்டையும் தூக்கிக்கொண்டு அவள் நடைபாதைக்கு வந்தாள். பஸ் நிறுத்தப் பெஞ்சில், லியென் கம்பெனியின் புதுச் சட்டை போட்ட ஒருத்தி மடியில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை.

"ஏம்மா, நீங்க உள்ளேருந்துதானே வர்றீங்க? அவசரமா ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க. வேலை கஷ்டமா?"

"பேட்டரி வேலை முன்ன செஞ்சிருக்கீங்களா?"

"இல்லம்மா, துணி மில்லுல இருந்தேன். மேனேஜர் இப்பத்தான் வந்து இதைக் கொடுத்தாரு. கையெழுத்துப் போட்டா போதும், மத்ததை அப்புறம் பழகிக்கலாம்னாரு."

யூவென் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இன்றைய தேதியிட்ட சோதனை அறிக்கை. இருநூற்று நாற்பது கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. நூற்றுப் பதினேழுக்கு எதிரே 'இயல்பு'. அறை வெப்பம், இருபத்தைந்து. அடியில் இரண்டு கோடுகள். ஒன்றில், மை இன்னும் சரியாகக் காயாமல், சியூ மிங்தாங்கின் கையெழுத்து.

அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கழற்றி, மற்ற கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"என் பேரை இங்கதானேம்மா எழுதணும்?"