வணங்காத உளவியலாளர்

சோல்கே என்னும் கடற்கரைச் சிற்றூரில் உளவியல் ஆலோசனை நிலையம் திறந்த பியோ யூன்சப், தம்மை நாடி வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே ஒரு விதியைத் தெளிவுபடுத்தினார்.

"வெளியில எங்க பாத்தாலும் நானா உங்களுக்கு வணக்கம் வைக்க மாட்டேன். நீங்க இங்க வர்றது யாருக்கும் தெரியக் கூடாது பாருங்க. நீங்களா வச்சா, நானும் வைப்பேன்."

சியோலில் பயின்ற விதி அது. அங்கே ஒரு கோடிப் பேர் ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராமல் நடக்கிறார்கள். சோல்கேயிலோ பியோவைப் போன்ற முப்பத்தெட்டு வயதினர் ஒருவர் மூத்தவரைக் கண்டால் இடுப்பை வளைத்தே ஆகவேண்டும். மூத்தவர் முந்திக்கொண்டு வணங்குவது வழக்கத்திலேயே இல்லை. ஆகவே, பியோ எவரை வணங்கவில்லையோ அவரே நோயாளி என்று கண்டறிய ஊருக்குப் பதினோரு நாள்கள் போதுமாயின. அடுத்தவர் மனத்தை மோப்பம் பிடிப்பதில் காட்டும் இந்தச் சுறுசுறுப்பை மனிதர்கள் உருப்படியான வேறெந்தப் பணியிலும் காட்டுவதில்லை.

பியோவிடம் செவ்வாய்தோறும் வந்தவர்களுள் ஒருவர் மா தொக்பே, வயது ஐம்பத்தேழு, ஊரின் மூன்று பேருந்து ஓட்டுநர்களுள் ஒருவர். மனைவி இறந்த பின்னரும், அந்த அம்மாள் வழக்கமாக ஏறிய நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி இரண்டு நிமிடங்கள் காத்திருப்பார். பயணிகள் அதைக் கால அட்டவணையின் பகுதியென்றே கருதினர். ஆனால் பேருந்து முதலாளி சோன் பான்சுலுக்கு மாவின் செவ்வாய்க்கிழமைகள் தெரியவந்தால், ஓட்டுநர் இருக்கை பறிபோகும். தூக்க மாத்திரை வாங்கிய குற்றத்திற்காகவே முன்பு ஓர் ஓட்டுநரைப் பேருந்து கழுவ அனுப்பியவர் அவர்.

ஆபத்தை உணர்ந்த பியோ, இனி எவரையுமே வணங்குவதில்லை என முடிவு செய்தார். ஊர்த்தலைவரை வணங்கவில்லை, தம் மாமியாரையும் வணங்கவில்லை. ஊர்த்தலைவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று மறுநாளே மீன் சந்தையில் பேசிக்கொண்டனர்.

ஞாயிறு காலை பொதுக் குளியலகத்தின் வெந்நீர்த் தொட்டியில் முதலாளி சோன் கழுத்தளவு நீரில் அமர்ந்திருந்தார். பியோ நிமிர்ந்தபடியே அவரைக் கடந்து சென்றார். தொட்டியிலிருந்த ஆறு பேரும் முதலாளியை இரக்கத்தோடு நோக்கினர்.

"எத்தனை நாளாண்ணே?" என்றார் அங்கே கூலிக்கு முதுகு தேய்ப்பவர்.

"எது எத்தனை நாளா?"

"மறைக்காதீங்கண்ணே, இந்தக் காலத்துல சகஜம்தான். உங்க டிரைவர்கள்ல ஒருத்தர் போன மாசம் இங்க குளிக்க வந்தப்பவும் இந்த ஆளு அவருக்குக் குனியல."

"எவன் அது?"

"ஆவியில மூஞ்சி தெரியல. சீருடையக் கழட்டிட்டா எல்லா டிரைவரும் ஒண்ணுதான்."

சோன் நீர் சொட்டச்சொட்ட எழுந்து பியோவை மறித்தார்.

"எந்த டிரைவர்யா?"

"சொல்றதுக்கில்லீங்க."

"அப்ப ஒருத்தன் வர்றான்."

"அதையும் சொல்றதுக்கில்லீங்க."

"நான் வரலைன்னாவது இவனுங்ககிட்டச் சொல்லு."

"நீங்க வர்றீங்களா இல்லையான்னும் சொல்றதுக்கில்லீங்க."

"நான் வரலைன்னு எனக்கே தெரியும்யா."

"சந்தோஷங்க. ஆனா அத நான் உறுதிப்படுத்த முடியாது."

சோன் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில மூணு பேரையும் பஸ் ஸ்டாண்டுல வரிசையா நிறுத்துறேன். வந்து குனி. நீ எவனுக்குக் குனியலையோ அவன் பஸ் கழுவப் போவான். நீ வரவே இல்லைன்னா மூணு பேரும் போவானுங்க."

அன்று பிற்பகல் பியோ மாவைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைக் கூறினார்.

"மூணு பேருக்கும் குனிஞ்சிருங்க சார். இடுப்பு என்ன தேஞ்சா போகும்?"

"அங்க குனிஞ்சா அது வணக்கம் இல்லண்ணே, சான்றிதழ். பொய்ச் சான்றிதழ். அப்புறம் ஊர்ல ஒவ்வொருத்தரும் எனக்கும் ஒண்ணு குடுன்னு வந்து நிப்பாங்க. கிடைக்காதவன் மாட்டிக்குவான்."

"குனியலைன்னா என் வண்டி போயிரும் சார்."

பியோ தம் தொழிலின் நெறிமுறை நூலைப் புரட்டிப் பார்த்தார். அதை இயற்றியவர்கள் எவரும் சோல்கேயில் குளித்ததில்லை.

திங்கள் காலை கணவாய் மீன் கூடைகளோடு பயணிகள் காத்திருந்தனர். மூன்று ஓட்டுநர்களும் வரிசையில் நின்றனர். அவர்கள் எதிரே பியோ விறைத்து நின்றார். சோன் அவருடைய இடுப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மா, தம்மினும் பத்தொன்பது வயது இளையவரான பியோவை நோக்கித் தொண்ணூறு பாகை குனிந்தார்.

கூட்டம் திகைத்தது. குனியாது நிற்பவரே நோயாளி ஆகிவிடுவாரோ என அஞ்சிய மற்ற இரு ஓட்டுநர்களும் அவரைவிடத் தாழக் குனிந்தனர். மூன்று தலைகள் ஒருசேரத் தாழ்ந்ததைக் கண்ட சோன், போக்குவரத்துத் துறை அதிகாரி பியோவின் பின்னால் வந்துவிட்டார் என்றெண்ணித் தாமும் குனிந்தார். முதலாளியே குனிந்தபின் பயணிகள் நிமிர்ந்து நிற்பது முறையன்று, அவர்களும் குனிந்தனர். தம்மை முந்தி வணங்கிய அனைவரையும் பதிலுக்கு வணங்க விதி இடமளித்ததால், பியோ கண்கள் கலங்க ஒவ்வொருவராக வணங்கி முடித்தார்.

சோன் நிமிர்ந்து பியோவின் பின்னால் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"யாருய்யா வந்தது? எதுக்குக் குனிஞ்சோம்?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

"சரி, இந்த ஆளு எவனுக்குக் குனியல?"

"எல்லாருக்கும்தான் குனிஞ்சான். உங்களுக்குந்தான்," என்றாள் கூடைக்காரி ஒருத்தி. "ஆறே காலு வண்டி ஆறு நாப்பதாகியும் நிக்குது. எவனுக்குப் பைத்தியமா இருந்தா எங்களுக்கென்ன முதலாளி? வெயில் ஏறுனா கணவாய் நாறிப்போகும். யாரு முறையோ அவன் ஏறட்டும்."

முறை மாவினுடையது. சோன் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார், பியோவைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அதை இரு கைகளாலும் பெற்றுக்கொண்ட மா மறுபடியும் குனிய முற்பட்டார்.

"போதும்யா," என்றார் சோன். "ஏறு."