காதுக்கு மேல் ஒரு பட்டை

அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அவள் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இன்னைக்கு என் கையால ஒரு தப்பும் வராமப் பாத்துக்குங்க ஆண்டவரே. அது போதும்." நீட்டி முழக்கி ஜெபிக்க அவளுக்கு வராது. கண்ணை மூடினால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள் அவள்.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக்கான கருவிகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். எல்லோரும் அவளை 'நீராவி' என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருடமும் தற்காலிகம். இன்னும் இரண்டு வாரத்தில் நிரந்தர உத்தரவு வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் பேரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். ஒன்று, தாமதமாக வந்ததற்கு. மற்றது, ஓட்டை விழுந்த துணியில் மூட்டை கட்டியதற்கு. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்த கணவன் படுக்கையில் கிடக்கிறான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். அவளைத் தவிர வேறொரு சம்பாத்தியக்காரர் அந்த வீட்டில் ஒளிந்திருக்கவில்லை.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கருவிகளை இரண்டு அடுக்குத் துணியில் மூட்டையாகக் கட்ட வேண்டும். பீரோ அளவு இருக்கும் இயந்திரத்தின் தட்டுகளில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு லோடிலும் ஒரு மூட்டைக்குள் விரல் நீளத்தில் ஒரு காகிதப் பட்டையை வைக்க வேண்டும். வைக்கும்போது அது வெளிர்மஞ்சள். நீராவி மூட்டையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிட்டால் லோடு மாடிக்குப் போகலாம். அந்தப் பட்டையை மேல்தட்டில், கதவோரம் இருக்கும் சின்ன மூட்டையில் வைப்பது அங்கே வழக்கம். கை சுடாமல் சட்டென்று எடுக்கலாம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

அவளுக்குச் சொந்தமாக இன்னொரு வழக்கம். இரண்டு கையும் மூட்டை கட்டுவதில் இருக்கும் என்பதால், பட்டையைத் தலைத்தொப்பிக்குள், காதுக்கு மேல் செருகிக்கொள்வாள், தையல்காரர் பென்சில் செருகுவது போல. கடைசி முடிச்சைப் போட்டதும் எடுத்து உள்ளே வைப்பாள். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட மறந்ததில்லை.

அன்றைய மூன்றாவது லோடு வெளியே வந்தது. இருபத்திரண்டு மூட்டை. மூட்டைகளின் மேலே ஒட்டிய, சூடு பட்டால் கறுக்கும் நாடாக்கள் எல்லாம் கறுத்திருந்தன. இயந்திரம் துப்பிய சீட்டில் சூடும் நேரமும் அச்சுப் பிசகாமல் சரி. ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் அவசரப்படுத்துகிறார் என்று வார்டு ஆள் வந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கதவோர மூட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பட்டையை எடுக்கப் பிரித்தாள். பட்டை இல்லை. துணியை உதறினாள். கருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது இயந்திரத்தின் பளபளப்பான கதவில் அவள் முகம் தெரிந்தது. காதுக்கு மேல் வெளிர்மஞ்சளாக ஒரு பட்டை அவளைப் பார்த்துச் சிரித்தது.

"அண்ணே," என்றாள். குரல் பாதிதான் வந்தது.

அண்ணன் என்றால் கூடப் பிறந்த அண்ணன். அந்த அறையில் மூத்த ஆள், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். சபையில் முதல் வரிசை அவருக்கு, பாட்டில் முதல் குரலும் அவருக்கு. அவர் அவள் காதையும் பிரிந்து கிடந்த மூட்டையையும் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். கறுப்புப் பட்டை.

"பழைய லோடுல மிச்சம் வெச்சது. ஒட்டு."

"அண்ணே, இது..."

"என்ன இது? நாடா கறுத்திருக்கு, சீட்டு சரியா இருக்கு. லோடு வெந்துதான் வந்திருக்கு. காகிதம் ஒண்ணு வைக்க மறந்தே, அவ்வளவுதானே? இதுக்குப் போயி மூணாவது லெட்டர வாங்கிட்டு, மச்சான் மருந்துக்கு எங்க போவே?"

"தப்பில்லையாண்ணே?"

"ஆண்டவர் தலைக்குள்ள மூளைய எதுக்கு வெச்சிருக்காரு? கொஞ்சமாச்சும் உபயோகிக்கத்தான். இந்த ரூம்ல எத்தனையோ பேருக்கு நான் குடுத்திருக்கேன். யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார் என்பதும் தெரியும். பட்டையை வாங்கிக்கொண்டு பக்கத்துத் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு கையில் மஞ்சள், ஒரு கையில் கறுப்பு. கண்ணை மூடினாள். வானம் ஒன்றும் திறக்கவில்லை, குரலும் கேட்கவில்லை. மாறாக அவளுக்குக் கோபம்தான் வந்தது. 'காலையிலதானே கேட்டேன்? ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்? அதைக்கூடத் தர முடியலையா உங்களுக்கு?'

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. இந்தக் கறுப்புப் பட்டையை ஒட்டிவிட்டால், நாளைக் காலை செருப்பு மாட்டுமுன் கண்ணை மூட முடியாது. கேட்க முகம் இருக்காது. அது எத்தனை பெரிய முட்டாள்தனமான காரணம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டுதான் அவள் கதவைத் திறந்து ஓடினாள்.

லிப்டுக்காக இன்னும் வாசலில் காத்து நின்ற தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்து நிறுத்தினாள். "திரும்பக் கொண்டு வாங்க. பட்டை வைக்கல."

அந்த அறைக்கும் பொறுப்பான தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர், நல்ல மனுஷி என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொன்னதில்லை. மஞ்சள் பட்டையை மேஜைமேல் வைத்து இவள் நடந்ததைச் சொல்லி முடிக்குமுன்னே அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"காதுல செருகிட்டு மறந்தியா? நீ என்ன ஆபரேஷன் தியேட்டருக்கு வேலை பாக்கிறியா, தையல் கடைக்கா? மேல ஒரு அம்மாவ நேத்து ராத்திரியிலேர்ந்து பட்டினி போட்டுப் படுக்க வெச்சிருக்கு. பெரிய டாக்டருக்கு இப்ப யார் பதில் சொல்றது?"

அவள் தலை நிமிரவில்லை.

"இருபத்திரண்டு மூட்டையையும் பிரி. புதுத் துணியில கட்டு. ஒண்ணுல இல்ல, ஒவ்வொண்ணுலயும் ஒரு பட்டை வை. இருபத்திரண்டு தடவை வெச்சாத்தான் உனக்கு ஞாபகம் வரும். போ. லெட்டர் தயாரா இருக்கும்."

பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதிய வார்த்தையை நூறு முறை எழுதச் சொல்வதுபோல ஒரு தண்டனை. அவ்வளவுதான் அது. இருபத்திரண்டு பட்டை எதற்கு என்று யாரும் யோசித்துச் சொன்னதில்லை. ஆத்திரத்தில் வாயில் வந்த வார்த்தை.

அண்ணன் பக்கத்தில் நின்று கூடவே கட்டினார். முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரொம்ப நல்லவளா ஆயிட்ட. சந்தோஷம்" என்று ஒருமுறை சொன்னார், அதுவும் மூட்டையைப் பார்த்துத்தான். அவள் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு பட்டையை வைத்தாள். வைக்கும்போதெல்லாம் கணவனின் மருந்துச் சீட்டு கண்முன் வந்தது. நான் செய்தது சரிதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்றேகால் மணி நேரம் இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. சீட்டு சரி. நாடாக்கள் கறுப்பு. கதவோரச் சின்ன மூட்டையைப் பிரித்தாள், கறுப்பு. மேல்தட்டு முழுக்கக் கறுப்பு. நடுத்தட்டும் அப்படியே. "பாத்தியா?" என்றார் அண்ணன். அவள் கீழ்த்தட்டுக்குக் குனிந்தாள். பின்கோடியில் இருந்த கனமான மூன்று மூட்டைகளில் முதலாவதைப் பிரித்தாள்.

மஞ்சள்.

இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவதில் ஓரத்தில் மட்டும் புகை படிந்ததுபோல் லேசான நிறம்.

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். பெரிய சிஸ்டர் வந்தார். பட்டைகள் கெட்டுப்போனவையாக இருக்கும் என்று புதுப் பெட்டியை உடைத்து, பட்டைகளைத் தன் கையாலேயே வைத்து, இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். மறுபடியும் பத்தொன்பது கறுப்பு. அதே இடத்தில் அதே மூன்று மஞ்சள்.

மெக்கானிக் வந்து இயந்திரத்தின் அடிவாயைக் கழற்றினார். காற்று வெளியேறும் சல்லடையில், ஈரத்தில் ஊறிய துணிக் கிழிசல் ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. கிடுக்கியால் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"நேத்து சாயங்காலம் நானே சுத்தம் பண்ணேன். இன்னைக்குக் காலையில அடைச்சிருக்கு. காத்து வெளிய போகல சிஸ்டர். காத்து நிக்கிற இடத்துல நீராவி ஏறாது. மேல எல்லாம் வெந்திரும். அடியில பச்சையாவே கிடக்கும்."

"அப்ப அந்தச் சீட்டு?"

"அது நீராவி இருக்கிற இடத்துச் சூட்டைத்தான் சொல்லும்."

பெரிய சிஸ்டர் அந்த மூன்று மூட்டைகளின் மேல் இருந்த பெயர்ச்சீட்டுகளையும் திருப்பிப் பார்த்தார். மூன்றிலும் 'வயிறு' என்று எழுதியிருந்தது. மேலே பட்டினி கிடக்கும் அந்த அம்மாவின் வயிற்றுக்குள் போகவேண்டிய கருவிகள். மூன்று மூட்டைகளையும் அவர் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"வழக்கம்போலக் கதவோர மூட்டையில ஒரு பட்டை வெச்சிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கறுப்பா வந்திருக்கும்," என்றார் மெக்கானிக். "லோடு மேல போயிருக்கும்."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு வருடம்போல இன்றைக்கும் அவள் மறக்காமல் வைத்திருந்தால், பட்டை கறுத்திருக்கும், அவள் சந்தோஷமாக ஒட்டியிருப்பாள், மூட்டைகள் போயிருக்கும். என் கையால் ஒரு தப்பும் வரக்கூடாது என்று கேட்டாள். ஆண்டவர் அவள் கையில் ஒரு தப்பைக் கொடுத்து, அதைவிடப் பெரிய தப்பு வராமல் பார்த்துக்கொண்டார். துணி அறையில் கோபித்துக்கொண்டபோது அவர் வாய் மூடியிருந்தது, ஏற்கெனவே கொடுத்துவிட்டதைத் திரும்பக் கேட்கிறாளே என்றா? யாருடைய அறிவு இது! அவளுடையது இல்லை. பெரிய சிஸ்டருடையதும் இல்லை, அவர் வெறும் கோபத்தில்தான் சொன்னார். அந்தக் கோபத்தையும் எடுத்து உபயோகித்துக்கொண்டிருக்கிறது ஒரு கை. அவள் இயந்திரத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. அப்படியொரு பயத்தை அவள் இதற்குமுன் சபையில்கூட உணர்ந்ததில்லை.

காலையில் வெந்த முதல் இரண்டு லோடுகளும் நல்லவேளையாக அலமாரியில்தான் இருந்தன. அவற்றையும் இறக்கினார்கள். அந்தக் களேபரத்தில் அண்ணன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் போனாள்.

"யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன்ல," என்றார். முகம் வெளிறியிருந்தது. "எனக்குத் தெரியாதும்மா. யாருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் அவர் தோளில் கை வைத்தாள். அவர் எழுந்தார். மேஜையின் இழுப்பறையை உள்ளிருக்கும் கறுப்புப் பட்டைகளோடு முழுசாக உருவி எடுத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பெரிய சிஸ்டர் அறையை நோக்கி நடந்தார்.

சாயங்காலம் அவளுக்கும் கடிதம் வந்தது. பெரிய சிஸ்டரே கொண்டுவந்து நீட்டினார். "மறந்தது மறந்ததுதான். ஆஸ்பத்திரி விதிய நான் மாத்த முடியாது. வீட்டுக்கு அனுப்பணும்னு எழுதின வரிய அடிச்சுட்டேன். ஆனா நிரந்தரம் இந்த வருஷம் கிடையாது. இன்னும் ஒரு வருஷம் காத்திரு." அவள் கையெழுத்துப் போட்டாள். "இனிமே கீழ்த்தட்டுலயும் பட்டை வைக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

வீட்டுக்குக் கிளம்புமுன் அவள் மாடி ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த அம்மாவின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள். மெலிந்த உடம்பு, ஆனால் வாய் நன்றாகத்தான் இருந்தது.

"என்ன ஆஸ்பத்திரிம்மா இது? நாள் முழுக்க வயித்தக் காயப்போட்டு, இப்ப நாளைக்குங்கிறாங்க. கீழ யாரோ ஒருத்தி என்னமோ வைக்க மறந்துட்டாளாம். நீ அங்கதான் வேலை பாக்கிறியா? அவளப் பாத்தா நல்லாத் திட்டு."

"திட்டியாச்சும்மா," என்றாள்.

"திட்டினாப் போதுமா? அதெப்படி மறக்கும் ஒருத்திக்கு?"

"அவளா மறக்கலம்மா." யோசிக்குமுன் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பின்ன? மறக்க வெச்சது யாரு?"

அவள் குனிந்து, அந்த அம்மாவின் வயிறு மூட, போர்வையை இழுத்துவிட்டாள்.