குடை மஞ்சளில் இருக்கிறது

காலை மணி அடிப்பதற்கு முன்பே இரண்டாம் வகுப்பின் கதவோரத்தில் டக், டக் என்று சத்தம் தொடங்கிவிடும். துணி காயப்போடும் மரக் கிளிப்புகளின் சத்தம். சுவரில் மூன்று துணிகள் தொங்கின. மஞ்சள், நீலம், சிவப்பு. சந்தோஷமாக இருப்பவர்கள் மஞ்சளிலும், வருத்தமாக இருப்பவர்கள் நீலத்திலும், கோபமாக இருப்பவர்கள் சிவப்பிலும் தங்கள் கிளிப்பை மாட்டிவிட்டுப் போய் உட்கார வேண்டும். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளுக்காக டீச்சர் கிளிப்புகளில் பெயருக்குப் பதிலாகப் படம் வரைந்திருந்தாள். ஆளுக்கொரு படம், அவரவர் ஆசைப்பட்டுக் கேட்டது. மீன், சாவி, பட்டம், சக்கரம். நாளாக ஆக அந்தப் படங்களே அவர்களுக்குப் பெயராகிவிட்டன. "டேய் மீனு, தள்ளி உக்காருடா" என்று பிள்ளைகள் கத்தும்போது டீச்சருக்கே அவனுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

அன்றும் குடை நீலத்தில்தான் இருந்தது.

குடை என்பவள் ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்காரும் சிறுமி. படம் வரையும் நாளில் எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட, அவள் கூட்டம் கலையும்வரை காத்திருந்து கடைசியாக வந்தாள். "எனக்குக் குடை மிஸ். மூடின குடை." விரிந்த குடையை வரைவது சுலபம். மூடிய குடை எத்தனை முறை முயன்றும் வளைந்த கம்பு மாதிரிதான் வந்தது. டீச்சர் அசடு வழியச் சிரித்தாள். சிறுமி அதை வாங்கி உற்றுப் பார்த்து, "இதேதான்" என்றாள்.

துணியில் கிளிப் மாட்டும் யோசனை டீச்சருக்கு ஒரு பயிற்சி வகுப்பில் கிடைத்தது. பாடம் மட்டும் போதாது, பிள்ளைகளின் மனசையும் கவனிக்க வேண்டும் என்று அங்கே திரையில் படம் போட்டுச் சொன்னார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் நம்பினாள். வேலைக்கு வந்து அப்போதுதான் முதல் வருடம். நம்புவதற்கு இடம் இருந்தது. பயிற்சியில் சொல்லாத ஒன்றை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். நீலத்தில் கிளிப் மாட்டியவர்கள் மதிய இடைவேளையில் வகுப்பின் பின்மூலையில், பாய் விரித்த இடத்தில், அவளோடு கொஞ்ச நேரம் உட்காரலாம். பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

குடை பேசாமல் இருந்தாள். பாயில் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஓரத்தில் பிரிந்து வந்திருந்த கோரையை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் டீச்சர், "என்னடா கண்ணு, வீட்ல ஏதாவதா?" என்று கேட்டபோது, "ரொம்ப அமைதியா இருக்கு மிஸ்" என்றாள்.

"அமைதியா இருந்தா நல்லதுதானே?"

"இது வேற அமைதி மிஸ்."

அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை. கைக்கு எட்டிய படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள். ஒரு சின்ன ஊரின் கிணற்றுக்குள் வந்து மாட்டிக்கொண்ட திமிங்கலத்தின் கதை. வாளியை இறக்கும்போதெல்லாம் அது மூக்கால் வாளியை மெல்லத் திருப்பி அனுப்பும். ஊர்க்காரர்கள் அதனோடு பேசப் பழகுவார்கள். குடைக்கு அப்போது எழுத்துகள் எறும்புகள் மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்து ஓடிவிடும். ஆனால் அந்த மூலையில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தபோது, அவை கொஞ்சம் நின்றன. ஒரு மதியத்துக்கு ஒரு பக்கம். சில நாள் அரைப் பக்கம். "தி, மி, தி-மி" என்று தொடங்கியவள், மழைக்காலம் வருவதற்குள் வாக்கியங்களை விரல் வைக்காமல் வாசித்தாள். டீச்சர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

மூலை நல்ல இடம் என்ற செய்தி பரவியது. நீலத் துணியில் கூட்டம் சேர்ந்தது.

"உனக்கு என்னடா சோகம்?" என்று மீனிடம் கேட்டாள்.

"எங்க வீட்டு நாய்க்கு சளி மிஸ்."

"அதுக்கு நாய்தானே நீலத்துல மாட்டணும்?"

"அதுக்குக் கை இல்ல மிஸ்."

சாவியின் அழிரப்பர் தொலைந்துபோனது. பட்டத்தின் அக்கா அவளைக் குண்டு என்று சொல்லிவிட்டாள். சக்கரத்துக்குக் காரணமே இல்லை. "சும்மா சோகம் மிஸ்" என்று முகம் மலர நின்றான். பாயில் இடம் போதாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். குடை தன் இடத்தை விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துப் பாயின் விளிம்பைத் தாண்டி வெறும் தரைக்கு வந்திருந்தாள். ஆனாலும் புத்தகத்தை மட்டும் விடவில்லை.

தலைமையாசிரியை ஒருநாள் வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். "ஏம்மா, இது ரெண்டாம் கிளாஸா, எழவு வீடா?"

டீச்சர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தித் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கெட்டவர் அல்ல. ஒழுகும் கூரைக்குத் தானே ஆள் பிடித்து வந்து ஓடு மாற்றியவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தை இன்னொரு பாதத்தால் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"ஆய்வுக் குழு வரப்போகுது. போன தடவை வந்தப்ப நம்ம பள்ளிக்கூடத்தைப் பின்தங்கினதுன்னு எழுதிட்டுப் போனாங்க. இந்தத் தடவையும் அப்படியே எழுதினா ஆளைக் குறைப்பாங்க. உன்னை மாதிரி தற்காலிகமா இருக்கறவங்கதான் முதல்ல. பிள்ளைங்க மனசைக் கவனிக்கிறோம்னு காட்ட நம்மகிட்ட இருக்கறது உன் சுவர் ஒண்ணுதான். அது நீலமா இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"பிள்ளைங்க உண்மையைச் சொல்றாங்கன்னு நினைப்பாங்க மேடம்."

தலைமையாசிரியை கழற்றிய செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார். "நீ சின்னப் பொண்ணு" என்றார்.

மற்றவர்களை மஞ்சளுக்கு மாற்றுவது கஷ்டமாக இல்லை. மூலையில் உட்கார்வது சில நாளைக்குக் கிடையாது என்று சொன்னதும் சோகங்கள் ஒரே காலையில் தீர்ந்துபோயின. மீனின் நாய்க்குச் சளி சரியாகிவிட்டது. குடை மட்டும் மிச்சம். அவளைக் கடைசியாக ஒரு மதியம் பாயில் உட்காரவைத்து, வாசிக்க விட்டு, பக்கம் முடிந்ததும் டீச்சர் மெதுவாகச் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து குடையை மஞ்சள்ல மாட்டிடலாமா?"

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மிஸ்?"

"சேச்சே. நீ இப்ப எவ்வளவு நல்லாப் படிக்கிற. அதனாலதான்."

சிறுமி அதை யோசித்தாள். நன்றாகப் படித்தால் மூலை போய்விடும் என்பதை அவள் ஒரு கணக்கைப் போல மனசுக்குள் போட்டுச் சரிபார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப திமிங்கலம்?" என்று கேட்டாள். கடைசிச் சில பக்கங்கள் பாக்கி இருந்தன.

"வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நாம முடிச்சிடலாம். சரியா?"

"சரி மிஸ்."

குழு வந்த நாளன்று மழை. டீச்சர் புதுப் புடவையின் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். குடை தாமதமாக வந்தாள். தலை சீவாமல், சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருக்க, நனைந்த காலோடு வாசலில் நின்றாள். "இன்னைக்குப் பாத்தா இப்படி வருவே?" என்று டீச்சர் அவளை இழுத்து, தன் கைப்பையிலிருந்த சீப்பை எடுத்து வேகமாகச் சீவிவிட்டாள். சிக்கு இழுத்தபோதும் சிறுமி முனகவில்லை. டீச்சரே பொத்தான்களைக் கழற்றி ஒழுங்காக மாட்டிவிட்டாள். காரின் சத்தம் கேட்டது. "கிளிப்பை மாட்டிட்டுப் போய் உக்காரு, ஓடு." சிறுமி சுவரின் முன்னால் போய் நின்றாள். கிளிப்பின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு மஞ்சளில் மாட்டினாள்.

வந்தவர்கள் சுவரைப் பார்த்து வியந்தார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டார். வகுப்பு ஒரே குரலில் ஆமாம் என்றது. யாராவது ஒருவர் வாசிக்க வேண்டும் என்றார். தலைமையாசிரியையின் கண்கள் டீச்சரைத் தேடின. டீச்சர் யோசிக்கவேயில்லை. "குடை, வாம்மா" என்று அழைத்து, பழக்கப்பட்ட புத்தகமாக இருக்கட்டும் என்று திமிங்கலத்தை எடுத்துக் கொடுத்தாள். சிறுமி தான் நிறுத்திய பக்கத்தைத் தானே தேடித் திறந்தாள்.

மழை விடாமல் பெய்கிறது, கிணறு நிரம்பி வழிகிறது, திமிங்கலம் தெரு வழியாகவே நீந்திக் கடலுக்குப் போய்விடுகிறது. அவள் தெளிவாக வாசித்தாள். குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"காலையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை."

அவள் அங்கே நிறுத்தினாள். பிறகு கடைசி மூன்று சொற்களைத் திரும்ப வாசித்தாள். "உள்ளே யாரும் இல்லை." இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வந்தவர்கள் கைதட்டினார்கள். மீன் எழுந்து நின்று தட்டினான்.

பள்ளிக்குக் கேடயம் வந்தது. டீச்சரின் வேலை நிரந்தரமானது. மூன்றாம் வகுப்பு டீச்சர், "உன் புண்ணியத்துல எங்களுக்கும் கிளிப்பு வாங்கச் சொல்லிட்டாங்க. நாங்க இத்தனை வருஷம் கேக்காத கேள்விய நீ வந்து கேட்டியே" என்று குத்திவிட்டு, டீச்சர் நீட்டிய இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கேடயத்தை வைக்க ஒரு கண்ணாடி அலமாரி வாங்கினார்கள். தலைமையாசிரியையின் அறையில் அது நுழையவில்லை. "உன்னாலதானே வந்தது, உன் கிளாஸ்லயே இருக்கட்டும்" என்று இரண்டாம் வகுப்பின் பின்மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாயைச் சுருட்டி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகினாள் டீச்சர். மேலிடத்தில் சுவரைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்களாம். இப்போதெல்லாம் காலையில் தலைமையாசிரியை வந்து, கைப்பேசியில் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். மூலையை வேறெங்காவது போடலாம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். முதலில் தேர்வு வந்தது. பிறகு மற்ற பள்ளிகளிலிருந்து பார்க்க வந்தார்கள். குடை ஒருநாளும் எதையும் கேட்கவில்லை. அவள் கிளிப் மஞ்சளில், கோணாமல், நேராக நின்றது. நல்ல முன்னேற்றம் என்று டீச்சர் அவள் மதிப்பெண் அட்டையில் எழுதினாள்.

ஒரு சாயங்காலம் வகுப்பைப் பூட்டும்போது ஓர் ஆள் வந்து வராந்தாவில் தயங்கி நின்றார். பார்சல் வண்டி ஓட்டுபவர்களின் சீருடை. குடையின் அப்பா.

"ஒரு உதவி மிஸ். சாயங்காலம் கொஞ்ச நேரம் பாப்பாவ இங்கயே உக்கார வச்சுக்க முடியுங்களா? வண்டிய விட்டுட்டு நான் வர லேட்டாகுது. தனியா வாசல்லயே நிக்கிறா."

"ஏன், அவங்க அம்மா வருவாங்களே?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவ வீட்ட விட்டுப் போயிட்டா. ரெண்டு மூணு மாசமாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "பாப்பா சொல்லுவா, எங்க மிஸ் தினமும் மனசு எப்படி இருக்குன்னு கேப்பாங்கன்னு."

டீச்சரின் கையில் பூட்டு இருந்தது. "என்னைக்கு?" என்றாள்.

"பெரியவங்கல்லாம் உங்க ஸ்கூலப் பாக்க வந்தாங்களே, அன்னைக்குக் காலையில. எந்திரிச்சுப் பாத்தா ஆள் இல்ல. எனக்குத் தலை சீவத் தெரியாது. அப்படியே கொண்டுவந்து ஸ்கூல் கேட்டுல விட்டுட்டுப் போயிட்டேன்." பிறகு, அவரையும் மீறி முகம் கொஞ்சம் தெளிந்தது. "அன்னைக்கு எல்லாரும் கைதட்டினாங்களாமே மிஸ்? வந்து சொன்னா."

"ஆமா" என்றாள் டீச்சர். "ரொம்ப நல்லா வாசிச்சா."

மறுநாள் பிள்ளைகள் கிளிப் மாட்டிவிட்டுப் பிரார்த்தனைக்குப் போன பிறகு, டீச்சர் தனியாக வகுப்புக்குத் திரும்பி வந்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து பாயை இழுத்தாள். ஒட்டடையோடு வந்தது. விரிக்க இடம் போதவில்லை. பாதி மடித்துப் போட்டாள். திமிங்கலத்தை அதன்மேல் வைத்தாள். பிறகு சுவருக்குப் போய், குடையை மஞ்சளிலிருந்து எடுத்து நீலத்தில் மாட்டினாள். வெகு நாட்களாக வெறுமனே தொங்கிய துணி, அந்தச் சின்னக் கனத்துக்கே ஓரமாக இழுபட்டது.

பிள்ளைகள் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். குடை வாசலிலேயே பார்த்துவிட்டாள். வரிசையை விட்டு விலகி, குதிகாலைத் தூக்கி, கிளிப்பை நீலத்திலிருந்து எடுத்தாள்.

"யாரோ தெரியாம மாத்தி வச்சிட்டாங்க மிஸ்."

"நான்தான் வச்சேன்." டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "இன்னைக்கு நீலத்துல இருக்கட்டும்டா. பரவால்ல. அங்க பாரு, பாய் போட்டிருக்கேன்."

சிறுமி மூலையைப் பார்த்தாள். மடித்த பாயையும் புத்தகத்தையும், அவற்றுக்கு மேலே கண்ணாடிக்குள் மின்னும் கேடயத்தையும் பார்த்தாள். பிறகு, பலகையில் தவறாக எழுதிவிட்ட டீச்சரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள்.

"இப்ப ஃபோட்டோ எடுக்க வந்துருவாங்க மிஸ்" என்றாள், உதவி செய்கிற குரலில்.

கிளிப்பை மஞ்சளில் மாட்டினாள். பக்கத்தில் கோணலாக இருந்த மீனையும் நேராக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வராந்தாவில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. நீலத் துணியில் கிளிப் கடித்த இடம் ஒரு சின்ன மடிப்பாக நின்றது. காற்று ஒரு தடவை வந்து அசைத்ததில் அதுவும் மெல்லத் தளர்ந்து விரியத் தொடங்கியது.