மாமா வழியாகவும்

2009 யூன் 10, புதன்

போன வார உயிரியல் குறிப்பில் ஒரு பிழை. நோயை எதிர்க்கும் பலத்தைத் தருகிற 'நிர்ப்பீடனப் பரம்பரையலகுகள் தாய்வழி வருபவை' என்று எழுதியிருக்கிறேன். டீச்சர் இன்று மாலை வகுப்பில் கொப்பியைப் பார்த்து, பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து என்று திருத்தினார். அவர் சொன்னதை நான் எழுதவில்லை. ஏற்கெனவே நம்பியதை எழுதியிருக்கிறேன்.

கொப்பியில் அது ஒரு வரிதான். ஆனால் அதே பிழையைச் சித்திரையில் வாயாலும் சொன்னேன்.

எங்கள் பக்கம் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வருவது. அம்மாவும் நானும் ஒரு குடி. அம்மாவோடு கூடப்பிறந்த மாமாவின் மகள் கேதீஸ்வரி மச்சாள், தன் தாயான மாமியின் குடி. சுனாமி முகாமில் தொடங்கிய இரத்தப்போக்கை வெட்கத்தில் இரண்டு வருடம் மறைத்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் போனவர் அம்மா. மச்சாளுக்கு முப்பத்தைந்து ஆனதும் மருத்துவமாது அந்தப் புற்றுநோய்ச் சோதனைக்குக் கிளினிக் துண்டுச் சீட்டுக் கொடுத்தார். போகத்தான் வேண்டுமா என்று மச்சாள் என்னைக் கேட்டார். அது எங்கள் குடியில் ஓடும் நோய், நீங்கள் வேறு குடி, பயமில்லை என்றேன். படித்தவள் என்று என்னிடம் கேட்டாரே, அந்தச் சந்தோசத்தில் சொன்னேன்.

டீச்சரிடம், யாருக்கென்று சொல்லாமல் விசாரித்தேன். நோயைத் தருவது வைரசு. எந்தப் பெண்ணுக்கும் தொற்றலாம். அதைத் துரத்தும் பலத்தில் ஒரு பங்குதான் பரம்பரை, அதுவும் இரண்டு வழியாலும். குடி எதுவானாலும் சோதிக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் அம்மாவிடம் இருந்த அந்தப் பங்கு மாமா வழியாக மச்சாளுக்கும் வந்திருக்கலாம்.

வகுப்பு முடிந்து நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். மாமா முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பேசும் விசயமில்லை. மச்சாளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். இரண்டு மாதமாக இடைநாட்களிலும் இரத்தம் படுகிறதாம். வேறு குடிதானே என்று இருந்துவிட்டாராம்.

"அப்ப தெரியாமலா சொன்ன நீ?"

"ஓம் மச்சாள். தெரியாமத்தான் சொன்னன்."

"நல்லாப் படிச்ச புள்ளதான்." வாளியைத் திரும்ப எடுத்துக் கிணற்றில் விட்டார். பிறகு, "தனியப் போக எனக்கு வெட்கமா இரிக்கி. நீயும் வரணும்" என்றார்.

நாளை வியாழன், கிளினிக் நாள். ஏழரை பஸ்ஸுக்கு மச்சாளோடு போவது. துண்டை மறக்காமல் எடுக்கச் சொல்வது. அம்மாவுக்கு வந்த நோயை அங்கே நானே சொல்வது.